கண்ணாடியைத் துடைக்காம சொல்லுங்க

அந்த நசுங்கலைப் பார்த்த மாத்திரத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று... இந்த ஆள் பொய் சொல்கிறான்.

வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. சர்வீஸ் ஷெட்டின் தகரக் கூரை போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் காதில் விழுந்தது. அவள் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. வெள்ளைக் காரின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பம்பரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவளுக்கு அதுதான் உத்தியோகம். அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்க்க வேண்டும். சொந்தக்காரர் சொல்லும் கதை நிஜமா புளுகா என்று சொல்ல வேண்டும். ஆபீஸில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் சி.ஐ.டி. அது அவளுக்குத் தெரியாது என்று அங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

"எப்படி சார் ஆச்சு?"

"ரிவர்ஸ் எடுக்கும்போது... தூண்ல இடிச்சுட்டேன்."

"என்ன தூண்?"

"சாதாரண தூண்தான். கான்க்ரீட்."

நிமிர்ந்து பார்த்தாள். உயரமாக, லேசாகக் கூன் போட்டபடி, மழையில் பாதி நனைந்து நின்றான் அவன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்... சும்மா சொல்லக் கூடாது, நல்ல கண்கள். கருகருவென்று, இமையில் ஒரு மழைத்துளி ஒட்டிக்கொண்டு... அவள் கையிலிருந்த டார்ச் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தது. சட்டென்று சுதாரித்துக்கொண்டாள். நல்ல கண்களை வைத்துக்கொண்டு பொய் சொல்கிறவர்களை அவள் வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறாள்.

"அந்தத் தூணுக்கு நீலப் பெயின்ட் அடிச்சிருந்தாங்களா சார்?"

"நீலமா... ஆமா, அடிச்சிருக்கலாம்."

"உயரம் எவ்வளவு இருக்கும்? உங்க முழங்கால் வரைக்குமா?"

"தூண்னா... கூரை வரைக்கும்தானே இருக்கும்?"

"அதான் நானும் நினைச்சேன். ஆனா இடி மட்டும் கீழ ஒரு இடத்துல வாங்கியிருக்கு. சிமென்ட் தூசி ஒரு பொட்டு இல்ல. நீலப் பெயின்ட் ஈஷியிருக்கு. தூண் நிக்கற இடத்துல நின்னுச்சா, இல்ல உருண்டு வந்து இடிச்சுதா?"

அவன் கண்ணாடியை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான். அவ்வளவு துடைக்க அதில் என்னதான் அழுக்கோ. பிறகு மாட்டிக்கொண்டு, அவளை நேராகப் பார்த்து, "மேடம்... கிளெய்மே வேணாம். விட்டுருங்க" என்றான்.

போச்சு. சும்மா இருந்திருந்தால்கூடப் போனால் போகிறதென்று விட்டிருப்பாள். யாராவது கிளெய்மை வேண்டாம் என்பார்களா? ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது... மோதிவிட்டு நிற்காமல் வந்தவனா? யாருக்காவது அடிபட்டிருக்குமோ? மழையில் தலையைக் குனிந்தபடி காரை எடுத்துக்கொண்டு போகிறவனை அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தேகத்தினால்தான் பார்த்தாள். வேறு எதற்கும் இல்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

சந்தேகம் அவளுக்கு அப்பா வழிச் சொத்து. வீட்டு முன்னாலேயே அப்பா டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துத் தருவார். எந்த இடி எப்படி விழும், எந்தக் கீறல் பழசு, எது புதுசு என்பதெல்லாம் அவள் அங்கே சுத்தியல் சத்தத்தில் வளர்ந்தபோதே கற்றுக்கொண்டது. அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் அவளும்தான். அப்பாவுக்கு இருப்பதோ ஒரே கண். இடது கண்ணை வாலிப வயதிலேயே ஓர் இரும்புத் துணுக்கு கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கும் வலது கண்ணில்தான் இத்தனை காலமும் ஓட்டினார்.

அந்தக் கண்ணிலும் இப்போது புரை. அதை அவளுக்குக் காட்டிக்கொடுத்தது இன்னொரு வெள்ளைக் கார். எதிர்த்தெரு டீச்சர் அம்மாவின் கார் கதவுக்கு அப்பா பெயின்ட் அடித்து, காய வைத்து, பெருமையாகத் தட்டிக்கொடுத்து அனுப்பினார். வண்டி முழுக்க வெள்ளை. கதவு மட்டும் நல்ல வெண்ணெய் நிறம். அப்பாவுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. டீச்சர் அம்மா சங்கடத்தோடு அவளிடம் வந்து காட்டியபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அப்பாவிடம் மூச்சு விடவில்லை. வேறு பட்டறையில் கதவைச் சத்தமில்லாமல் திருப்பி அடிக்கச் சொன்னாள். மறுநாளே, "கண்ணைச் சும்மா ஒரு தடவை காட்டிட்டு வரலாம்ப்பா" என்று அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் அறைக் கதவைத் திறந்தால்...

"நீங்களா?" என்றாள் அவள்.

"நீங்களா?" என்றான் அவன்.

அதே கூன், அதே கண்ணாடி. சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. "தூண் நல்லா இருக்கா சார்?" என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அப்பா பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

அப்பாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பிறகு மோவாயை மெஷினில் வைக்கச் சொல்லி அவன் நிதானமாகப் பார்த்தான். நடுவில் அவளுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பினால், உள்ளே தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்த இருவரும் டக்கென்று வாயை மூடிக்கொண்டார்கள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். டாக்டர் மேஜையைப் பார்த்தான். அவள் இருவரையும் பார்த்தாள்.

"புரை நல்லா முத்தியிருக்கு. ஆபரேஷன் பண்ணிடலாம். வழக்கமா கையால பண்றதே போதும்" என்றான்.

"லேசர்ல பண்ண முடியாதா? ஒரே கண்ணு டாக்டர். கத்தியெல்லாம் வேணாமேன்னு பார்க்கறேன்."

"லேசர்னா எல்லாமே அதுதான் பண்ணும்னு நினைக்கறாங்க மேடம். அப்படி இல்ல. கீறல் போடறது, லென்ஸுக்கு மேல இருக்கற மெல்லிய சவ்வை வட்டமா திறக்கறது, லென்ஸைத் துண்டு போடறது... இதெல்லாம் லேசர் பண்ணும். அதுக்கப்புறம் நாங்கதான் உள்ள போய்த் துண்டுகளை எடுத்து, புது லென்ஸ் வைக்கணும். கையால பண்ணாலும் இதே வேலைதான். சிலருக்கு லேசர் உதவியா இருக்கும். ஆனா பெரும்பாலும் கடைசியில கிடைக்கற பார்வையில பெரிய வித்தியாசம் கிடையாது."

"அப்போ எதுல வேணா பண்ணலாம்ல? லேசர்லயே பண்ணுங்க."

"ஐயாவுக்கு அது சரிப்படாது. மருந்து விட்டும் கண் பாப்பா விரியல. அது நல்லா விரிஞ்சாதான் லேசருக்கு உள்ள வழி கிடைக்கும்."

"ஏன் விரியல?"

சின்னக் கேள்விதான். ஆனால் அவன் பார்வை அவளைத் தாண்டி அப்பாவிடம் போனது. அப்பா மறுபடி மின்விசிறியிடம் சரணடைந்தார். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

"சிலருக்கு... அப்படித்தான் இருக்கும்."

ஓஹோ. தூண் மறுபடி உருண்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அப்பாவின் விரல் நகங்களில் எந்தச் சோப்புக்கும் அசையாத கிரீஸ் கறை. அவர் சட்டைக் காலரில் பழைய பெயின்ட் பொட்டு. இதையெல்லாம் இந்த ஆள் பார்த்திருப்பான். பார்த்துவிட்டு எடை போட்டிருப்பான். முகம் சூடேறியது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பட்டறைக்காரர்தானே, இவங்களுக்கு இது போதும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "எங்க அப்பாவா இருந்தாலும் இதையேதான் சொல்வேன்."

"விக்கறவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. சொந்த வீட்டுக்குன்னா இதையேதான் வாங்குவேன்னு."

"நான் எதையும் விக்கலயே."

"அதான் எனக்கும் புரியல" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கோபமே இல்லை அந்த முகத்தில்... ஏதோ கவலை. அது அவள் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

அடுத்த நாள் வேறோர் ஆஸ்பத்திரி. சுவரெல்லாம் கண்ணாடி. வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு கண் படம். டை கட்டிய ஓர் ஆலோசகர் அவர்களை சோபாவில் உட்கார வைத்தார். "எல்லாம் லேசர்தான் மேடம். கம்ப்யூட்டரே பார்த்துக்கும். ஐயா பாட்டு கேட்டுட்டே படுத்திருக்கலாம்" என்று தேனாகப் பேசினார். உள்ளே ஒரு டாக்டர் அவசர அவசரமாக ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டினார். நியாயமாகப் பார்த்தால் சி.ஐ.டி.க்கு முதலில் சந்தேகம் வந்திருக்க வேண்டியது இங்கேதான். வந்தது, வராமல் இல்லை. ஆனால் அந்தத் தூண் டாக்டர் மேல் இருந்த ரோஷம் அதை அமுக்கிவிட்டது.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா ஐயா?" என்று அங்கே ஒரு நர்ஸ் கேட்டாள்.

"பிரஷர் மாத்திரை மட்டும்தாம்மா" என்றார் அப்பா, அவள் பக்கம் திரும்பாமல்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் மெல்ல ஆரம்பித்தார். "அந்த டாக்டர் தம்பியே பண்ணட்டுமே."

"ஏன்ப்பா?"

"சும்மாதான். நல்ல பையனாத் தெரிஞ்சான்."

"அன்னிக்கு அவர்கிட்ட என்ன பேசிட்டிருந்தீங்க?"

"கிளைமேட்டைப் பத்தி."

கிளைமேட்டாம். பேசியே தீர வேண்டிய விஷயம்தான். ஆஸ்பத்திரி மாறுவதாகவும், எடுத்த ஸ்கேனையெல்லாம் வாங்கிக்கொள்ள வருவதாகவும் பழைய ஆஸ்பத்திரிக்கு அப்போதே போன் செய்து சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பட்டறை வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பின்பக்கம் அதே நசுங்கல், அப்படியே.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "வாங்க தம்பி, வாங்க. வண்டியைத் தட்டணுமா?"

"ஆமாங்கய்யா... இல்ல... ஒரு நிமிஷம் மேடம்கிட்ட பேசணும்."

அப்பாவின் முகத்தில் திடீரென்று ஒரு கலவரம். "சொல்ல மாட்டீங்கள்ல?" என்று மெதுவாகக் கேட்டார். "நீங்க சரின்னு சொல்லாம நான் சொல்ல மாட்டேங்கய்யா. ஆனா நீங்களே சொல்லிடுங்க. ப்ளீஸ்" என்றான் அவன். அப்பா சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மழைச் சத்தத்தில், வீட்டு வாசலில் நின்ற அவளுக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. இரண்டு வாய்கள் அசைவதை மட்டும் அவள் பார்த்தாள். அவளுக்கு அது போதும்.

அவன் கூரை விளிம்பில் வந்து நின்றான். முதுகுப் பக்கம் நனைந்துகொண்டிருந்தது.

"பேஷன்ட்டை விட மனசில்லாம வீடு வரைக்கும் வந்துட்டீங்களா டாக்டர்?"

"நீங்க எங்க வேணா பண்ணிக்கோங்க. நான் அதுக்கு வரல. ஐயா தினம் என்னென்ன மாத்திரை போடறாரோ, ஒண்ணு விடாம அந்த டாக்டர்கிட்ட சொல்லணும். அதை மட்டும் பார்த்துக்கோங்க."

"சொல்லியாச்சு. பிரஷர் மாத்திரை."

அவன் கண்களை ஒரு கணம் மூடித் திறந்தான். "இன்னொரு தடவை கேளுங்க."

"நீங்க என்னமோ மறைக்கிறீங்க."

"ஆமா. மறைக்கிறேன். என்னால சொல்ல முடியாது... ஆனா ஒரே கண்ணுங்க. தயவுசெஞ்சு கேளுங்க."

மழை அவன் தோளில் இறங்கிச் சட்டையெல்லாம் நனைத்தது. அவன் நகரவில்லை. கண்ணாடியில் நீர் வழிந்து முகமே சரியாகத் தெரியவில்லை. கார் கிளம்பிப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது... இன்று அவன் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. துடைக்க வேண்டிய நாளே இன்றுதான்.

இரவெல்லாம் அது உறுத்தியது. தூண் என்றபோது துடைத்தான். 'சிலருக்கு அப்படித்தான்' என்றபோது துடைத்தான். மறைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டபோது துடைக்கவில்லை. அப்படியென்றால்... சே, கண்ணாடியை வைத்தா ஒரு மனுஷனை எடை போடுவது என்று புரண்டு படுத்தாள். ஆனால் பம்பரை வைத்து எடை போடுகிறவள்தானே அவள்.

மறுநாள் காலை ஸ்கேனை வாங்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். வண்டி நிறுத்துமிடத்தைக் கடக்கும்போது கால் தானாக நின்றது. ஓரத்தில் ஒரு நீல ஸ்கூட்டர். முன் மட்கார்டு கோணிக்கொண்டு, அதன் மேல் வெள்ளைப் பெயின்ட் ஈஷியிருந்தது. முழங்கால் உயரத்தில்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தடவினாள். பின்னாலிருந்து ஒரு குரல். "என்னம்மா, வண்டியில ஏதாவது தொலைச்சுட்டியா?"

அம்மா வயதில் ஒரு நர்ஸ். ஆபரேஷன் தியேட்டர் பச்சை உடுப்பு. கையில் அதே ஸ்கூட்டரின் சாவி.

"இந்த வண்டி ஒரு வெள்ளைக் கார்ல மோதியிருக்கு சிஸ்டர்."

சிஸ்டர் முகம் தொங்கிப்போயிற்று. "டாக்டர் சொல்லிட்டாரா? சொல்ல மாட்டேன்னாரே."

"அவர் சொல்லல. தூண்னு சொன்னாரு."

"அட ராமா... தூணா? பொய்கூடச் சரியா சொல்லத் தெரியல அந்தப் பிள்ளைக்கு." சிஸ்டர் ஸ்கூட்டர் சீட்டில் சாய்ந்துகொண்டார். "இந்த வயசுல ஓட்டக் கத்துக்கறேன்னு இங்கயே சுத்திட்டிருந்தேன்மா. வீட்ல தெரிஞ்சா என் மருமக வண்டியைப் பிடுங்கி வெச்சுக்குவா. டாக்டர் என்னைத் தூக்கி விட்டு, அடி பட்டுச்சான்னு கேட்டுட்டு, போங்கக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாரு. ஒரு தடவை சொல்லிட்டா அந்த வாயைத் திறக்க வைக்க முடியாது."

அவள் மட்கார்டில் ஈஷியிருந்த வெள்ளைப் பெயின்டை மறுபடி பார்த்தாள்.

இந்த ஆள் தனக்காகப் பொய் சொல்கிறவன் இல்லை. அடுத்தவர் ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு, பொய் சொல்லவும் வராமல், திண்டாடுகிறவன். அப்படியானால் கண் விஷயத்தில் யாருடைய ரகசியம்? அந்த அறையில் இருந்தது மூன்றே பேர். அவளுக்குத் தெரியக் கூடாது என்று அப்பா எதை மறைப்பார்... ஏன் மறைப்பார்? அவளே ஒரு கதவின் நிறத்தை அப்பாவிடம் மறைக்கவில்லையா? அவர் மனசு நோகக் கூடாது என்று?

ஸ்கேனை வாங்காமலேயே வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா. என்ன மாத்திரை அது?"

தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பட்டி டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். உள்ளே மாத்திரை அட்டைகள்.

"ஒண்ணுக்குப் போறதுல கொஞ்சம் தொந்தரவும்மா. ரொம்ப நாளா இருக்கு. ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தாரு. கண்ணு டாக்டர் தம்பி பார்த்த உடனே கேட்டுட்டான். இந்த மாதிரி மாத்திரை போடறவங்களுக்குத்தான் பாப்பா இப்படி அடம் பிடிக்குமாம். ஆபரேஷன் நடுவுல துவண்டு சுருங்கிக்குமாம். தெரிஞ்சு பண்ணா சமாளிச்சுக்கலாம், தெரியாம பண்ணாதான் ஆபத்துன்னான்."

"தெரிஞ்சும் ஏன்ப்பா சொல்லல? லேசர்காரங்ககிட்டயும் மறைச்சுட்டீங்களே?"

"அங்க நீ பக்கத்துல நின்னியே..." அப்பா டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கம்மா இருந்தா அவகிட்ட சொல்லியிருப்பேன். வளர்ந்த பொண்ணுகிட்ட இதையெல்லாம் எப்படிம்மா சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். வெட்கத்துக்காக ஒரு மனுஷன் இருக்கிற ஒரே கண்ணையும் பணயம் வைப்பாரா... திட்ட வேண்டும் என்றுதான் வந்தாள். அப்பாவின் கிரீஸ் படிந்த கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு உங்களை விட்டா யாருப்பா இருக்கா? இனிமே எதுவா இருந்தாலும் சொல்லணும்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அப்பா தலையை ஆட்டினார். அவர் கண்ணும் நனைந்திருந்தது.

அன்று சாயங்காலமே அவன் அறை வாசலில் போய் நின்றாள். கடைசி நோயாளி போகும்வரை காத்திருந்தாள். என்னென்னமோ பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அவன் வெளியே வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"அப்பா சொல்லிட்டாரு" என்றாள்.

"அப்பாடா..." அவன் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "நல்லவேளை."

"நீங்களே சொல்லியிருக்கலாம். நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேனே. அப்பவாவது."

"அவர் நம்பிச் சொன்னாருங்க. அதை எப்படி...? ஆனா ஆபரேஷன் நாள் வரைக்கும் நீங்க கண்டுபிடிக்கலைன்னா, வாக்கை உடைச்சிருப்பேன். அந்த டாக்டருக்கு நானே போன் பண்றதா இருந்தேன்."

"பட்டறைக்காரர்னு பார்த்தீங்களான்னு கேட்டேன். அது..." என்று இழுத்தாள். "அது தப்பு. மன்னிச்சிருங்க."

"எங்க அப்பா பஸ் டிப்போல மெக்கானிக்குங்க. ஐயா கையைப் பார்த்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்துச்சு."

அவளுக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அடுத்த அறையில் யாரோ நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களே பண்ணுங்க டாக்டர். கையாலயே பண்ணுங்க. பயமா இருக்கு... ஆனா நீங்க பண்ணுங்க."

"பாப்பா சுருங்காம இருக்க உள்ள ஒரு சின்ன வளையம் வெச்சுப் பிடிச்சுக்குவோம். வேலை முடிஞ்சதும் எடுத்துடுவோம்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் பயம் உண்டுங்க. ஒரே கண்ணுங்கறப்ப இல்லாம இருக்குமா? ஆனா நல்லாப் பண்ணுவேன்" என்றான்.

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் மடியில் சும்மா இருந்தன. கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. அவள் ஒருவர் சொன்னதைச் சரிபார்க்காமல் நம்பியது நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஆபரேஷன் நாளில் அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சுவரிலிருந்த பெயின்ட் உரிசல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிஸ்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "பாப்பா ஒரு தடவை மக்கர் பண்ணுச்சு. டாக்டர் அசரல. நல்லபடியா முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துகொண்டாள்.

மறுநாள் கண்கட்டைப் பிரித்தார்கள். அப்பா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். முதலில் மகளை. அப்புறம் எதிரில் நின்றவனை.

"என்ன தம்பி, கோட்டு நீலமா போட்டிருக்கீங்க?"

அவளுக்குப் பகீரென்றது. அவன் சிரித்தான். "வெள்ளைதாங்கய்யா. இத்தனை நாள் மஞ்சள் கண்ணாடி வழியாப் பார்த்த மாதிரி பார்த்துட்டிருந்தீங்க. அது போனதும் வெள்ளை கொஞ்சம் நீலமாத் தெரியும். போகப்போகப் பழகிடும்."

அப்பா வெகு நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "அப்போ டீச்சரம்மா வண்டிக் கதவு?"

அவள் தலையைக் குனிந்தாள்.

"வெண்ணெய் கலர்ல அடிச்சிருப்பேன், இல்ல? நீ யார்கிட்டயோ கொடுத்து மாத்திட்ட." அப்பா சிரிக்க முயன்றார், குரல் உடைந்தது. "சரிதான். ஆளுக்கொண்ணு மறைச்சிருக்கோம்."

அதன் பிறகு சொட்டு மருந்தும் பரிசோதனையுமாக நாட்கள் ஓடின. ஒவ்வொரு தடவையும் அவள்தான் கூட வந்தாள். ஆபீஸில் வேலை தலைக்கு மேல் இருந்தது, இருந்தாலும் வந்தாள். அவன் அப்பாவின் கண்ணைப் பார்ப்பான். அவள் அவனைப் பார்ப்பாள். அவன் நிமிரும்போது சுவரைப் பார்ப்பாள். கடைசியில் ஒரு நாள், "இனிமே ஐயா இங்க வர வேண்டிய அவசியமே இல்ல. கண்ணு நல்லா ஆறிடுச்சு" என்றான். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். வீடு வரும் வழியெல்லாம் அவள் அடுத்த தேதி போடாத அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு. மழை தூறிக்கொண்டிருந்தது. பட்டறை வாசலில் வெள்ளைக் கார்.

அதே நசுங்கல். தூசி படிந்து, ஓரத்தில் லேசாகத் துருகூடப் பிடிக்க ஆரம்பித்திருந்தது.

அவளுக்குள் இருந்த சி.ஐ.டி. விழித்துக்கொண்டாள். இத்தனை நாள் ஒரு மனுஷன் காரை இப்படியா விட்டு வைப்பான்? வழியில் இருக்கிற சர்வீஸ் ஷெட்டையெல்லாம் தாண்டி இங்கே ஏன் வர வேண்டும்?

"இன்னும் இதைச் சரி பண்ணலையா டாக்டர்?"

"நேரமே கிடைக்கலீங்க..." கை தன்னால் கண்ணாடிக்குப் போனது. கழற்றினான். சட்டை நுனியைத் தேடினான்.

"அதைக் குடுங்க" என்றாள்.

"எதை?"

அவள் எட்டி அந்தக் கண்ணாடியை அவன் விரல்களிலிருந்து வாங்கினாள். தன் துப்பட்டா நுனியால் மெதுவாகத் துடைத்து, அவளே அவன் முகத்தில் மாட்டிவிட்டாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அந்தக் கருகருத்த கண்கள்... இப்போது கண்ணாடிக்குப் பின்னால் ஓடி ஒளிய இடமில்லாமல் அவளையே பார்த்தன.

"இப்போ கண்ணாடியைத் துடைக்காம சொல்லுங்க. ஏன் சரி பண்ணல?"

அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இதைச் சரி பண்ணிட்டா... உங்களைப் பார்க்க வர எனக்கு ஒரு காரணமும் இருக்காது. அந்த ஷெட்ல டார்ச்சோட குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தீங்களே, அன்னிலேர்ந்து உங்களைப் பிடிச்சிருக்குங்க. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஐயா என் பேஷன்ட்டா இருக்கற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

தூறல் தகரத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பழக்கத்தில் எங்கேயாவது ஒரு கீறல், ஒரு பூச்சு, ஒரு பொய் அகப்படுகிறதா என்று தேடினாள்... ஒன்றும் அகப்படவில்லை.

"எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்ல" என்றாள். "ஆபீஸ்ல என் பேரே சி.ஐ.டி. தெரியுமா? நாளைக்கு நீங்க லேட்டா வந்தா ஏன்னு நூறு கேள்வி கேப்பேன். ஆனா... உங்களை நம்பறேன். அப்பா கண்ணை உங்க கையில குடுத்த அன்னிக்கே என்னையும் குடுத்துட்டேன்னு நினைக்கறேன். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் கை தன்னையறியாமல் மறுபடி கண்ணாடிக்குப் போனது. அவள் முறைத்தாள். "இல்லீங்க... இது நிஜமாவே நனைஞ்சிருச்சு" என்றான். நிஜமாகத்தான். மழையால் இல்லை.

காருக்குப் பின்னாலிருந்து ஒரு தொண்டைச் செருமல். அப்பா எப்போது வந்து உட்கார்ந்தாரோ, கையில் சுத்தியலோடு நசுங்கலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதை எடுக்கட்டுமா, விட்டுடட்டுமா?"

அவள் அவனைப் பார்த்தாள்.

"எடுத்துடுங்கப்பா" என்றாள். "இனிமே அது இல்லாமலே வருவாரு."